பாரம் தெரியணும்

தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பக்கம் ஓர் ஏற்றம். பாதி மேட்டில் மாடு ஒன்று குறுக்கே வர, பிரேக்கை மிதித்தேன். மாடு போய்விட்டது. வண்டி கிளம்பவில்லை. முதல் முறை இன்ஜின் உதறிக்கொண்டு நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தேன். இன்ஜின் அலறியது, வண்டியோ பின்னால் உருண்டது. பின்னால் நின்ற டெம்போக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. என் கைப்பையில் லைசென்ஸ் இருந்தது. வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது.

பக்கத்து சீட்டில் இருந்த நைனா, என் அப்பா, எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அவருக்கு அப்போது 74 வயது. வாழ்நாளில் கார் ஓட்டியவர் இல்லை. டெம்போக்காரருக்குக் கையைக் காட்டி அமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வண்டியத் திட்டாத கண்ணு. பாரம் எங்க நிக்கிதுன்னு உன் காலுக்குத் தெரியல. மொதல்ல பாரம் தெரியணும். அப்பறந்தான் தூக்கணும்."

தூக்குவது என்று அவர் வாயில் வந்தது தற்செயல் இல்லை. இருபத்தெட்டு வருடம் அவர் பார்த்த வேலையே அதுதான்.

கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு டிரைவர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பஸ் டிரைவர் அல்ல, வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஷாஃப்ட் வாயிலிருந்து சற்றுத் தள்ளித் தனிக் கட்டடம் இருக்கும். உள்ளே ஆளைவிட உயரமான இரும்பு டிரம், அதில் சுற்றிய கம்பி வடம், வடத்தின் முனையில் கேஜ். ஷிஃப்டுக்கு இறங்கும் ஆட்கள் அந்தக் கேஜில் நெருக்கியடித்து நிற்பார்கள். மேலே உட்கார்ந்து இயக்குகிறவருக்கு அவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். எதிரே ஆழம் காட்டும் முள், காதில் மணிச் சத்தம், கையில் பிரேக் நெம்புகோல். அவ்வளவுதான். சாம்பியன் ரீஃபின் கிஃபோர்டு ஷாஃப்ட் ஒரே இறக்கமாகச் சுமார் 2 கி.மீ. ஆழம் போகிறது. அத்தனை நீள வடத்துக்கே தனிப் பாரம் உண்டு. கேஜ் இறங்க இறங்க அந்தப் பாரம் மாறிக்கொண்டே வரும். அதைக் கணக்கில் வைத்துத்தான் கேஜைத் தரையில் உட்கார்த்த வேண்டும்.

மணிக்கு ஒரு மொழி இருந்தது. இந்தியச் சுரங்க விதிகளில் எழுதி வைத்த மொழி அது. ஓடும்போது ஒரு மணி என்றால் நிறுத்து. நிற்கும்போது ஒரு மணி என்றால் மேலே தூக்கு. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆட்கள் ஏறுகிறார்கள். மூன்று மணி கேட்டால் நைனா உட்காரும் விதமே மாறிவிடும் என்று அவருடன் வேலை செய்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கல் ஏறும்போது வேறு மனசு, ஆள் ஏறும்போது வேறு மனசு.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே கால் வைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்தும் எங்கள் முன்னோர் சாரை சாரையாக வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் சொந்த ஊரில் நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்டவர்கள். இங்கே மறுக்க முடியாத ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது, கைத்திறன். பாறையைத் தட்டிப் பார்த்தால் வரும் ஓசையை வைத்தே அது நிற்குமா விழுமா என்று சொல்லக்கூடிய காதுகள் இருந்தன. கருவிக்கு முன்னால் அதிர்வை அறியும் கால்கள் இருந்தன. 3 கி.மீட்டருக்கும் மேல் ஆழமாகப் போன சுரங்கத்தை இப்படிப்பட்ட உடம்புகள்தான் தோண்டின. 2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலையோடு அந்த அறிவும் வேலையற்றுப் போனது. நைனாவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. வைண்டிங் இன்ஜின் ஓட்டத் தெரிந்தவரை எந்த ஊர் கூப்பிடும்?

அதற்கப்புறம் தங்கவயல் விடியற்காலை ஊராக மாறியது. மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில் இருட்டோடு இருட்டாக ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகும். ராத்திரி திருப்பிக் கொண்டுவந்து இறக்கும். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கார்மென்ட்ஸ், ஆபீஸ் வேலை. அதில் ஏறாத பையன்களில் பலர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார்கள். எங்கள் லைனில் மட்டும் என்னால் ஏழு வீடுகளைச் சொல்ல முடியும். அப்பா அண்டர்கிரவுண்டு, பிள்ளை டாக்ஸி.

ஏன் டிரைவர் வேலை? சுரங்கக் குடும்பத்திடம் முதலீடு கிடையாது. மூன்று வருடம் படித்துக் காத்திருக்கும் வசதியும் பல வீடுகளில் இல்லை. லைசென்ஸ் என்பது சில மாதத்தில் கைக்கு வரும் தொழில். அதிலும் ஒரு நீண்ட வழக்கு முடிவுக்கு வந்தது. சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குள் இருக்கும் வாடகை வண்டியை ஓட்டத் தனி அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பர் 6-ம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. டாக்ஸியும் சின்ன சரக்கு வண்டியும் ஓட்டிப் பிழைக்கும் பையன்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை.

ஆனால் அந்த லைசென்ஸுக்குப் பின்னால் என்ன கற்றுக்கொடுக்கப்படுகிறது என்பதில் எனக்குத் தீராத மனக்குறை உண்டு. என் கதையையே சொல்கிறேன்.

பெங்களூரில் வேலை பார்த்தபோது ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். எல்.எல்.ஆர். போட்டு, குறைந்தது 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும் என்பது விதி. அந்த முப்பது நாளில் எனக்குக் கிடைத்தது காலையில் அரை மணி வீதம் பன்னிரண்டு வகுப்பு. வண்டியில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. "கிளட்ச் மிதிங்க மேடம், ஃபர்ஸ்ட் போடுங்க, விடுங்க" என்பார். நான் விடுவேன். வண்டி வெண்ணெய் மாதிரி நகரும். எனக்கு நன்றாக வருகிறது என்று நம்பினேன். ஒருநாள் எதேச்சையாகக் கீழே பார்த்தபோதுதான் தெரிந்தது, வண்டியை நகர்த்திக்கொண்டிருந்தது அவருடைய கால். என் கால் வெறும் நிழல். தேர்வு நாளில் சமதளத்தில் நேராகக் கொஞ்சம், வளைவாகக் கொஞ்சம். லைசென்ஸ் தபாலில் வந்தது.

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ம் விதியைப் பிறகு எடுத்துப் படித்தேன். தேர்வுக்கு வருபவர் எதையெல்லாம் செய்து காட்ட வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, கொஞ்சமும் பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும் என்பது அதில் ஒன்று. இறக்கத்தில் சட்டென்று கீழ் கியருக்கு மாற்ற வேண்டும் என்பது இன்னொன்று. எழுதியவர்கள் வண்டி தெரிந்தவர்கள். என்னைத் தேர்வு செய்தவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போனார்கள். 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதி, கார் பழக 29 மணி நேரம் கேட்கிறது. அதில் 21 மணி நேரம் வண்டியில். எனக்குக் கிடைத்தது ஆறு. என்னைப் போல ஆறு மணி நேரத்தோடு சாலைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த ஏற்றத்தில் அன்று வண்டியை மேலே கொண்டுபோனது டெம்போக்காரர்தான். ஹாரன் அடித்த அதே மனிதர் இறங்கிவந்து மேட்டைத் தாண்டவைத்துவிட்டுப் போனார். மறுநாள் நைனா என்னை ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார்.

அவர் பெமல் ரிட்டயர்டு. பெமல், அதாவது பாரத் எர்த் மூவர்ஸ், 1964-ல் தொடங்கப்பட்டது. தங்கவயலில் அதன் வளாகம் வந்த பிறகு சுரங்கம் சார்ந்த ஊருக்குப் பக்கத்திலேயே புல்டோசர் சார்ந்த இன்னொரு ஊர் முளைத்தது. அங்கே ஹைட்ராலிக் அண்ட் பவர்லைன் பிரிவில் கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் தயாராகின்றன. தங்கம் எடுத்த ஊர் கியர் செய்யும் ஊரும்கூட என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பெரியவர் முப்பது வருடம் பல்சக்கரங்களோடு வாழ்ந்தவர். பணம் வாங்க மாட்டேன் என்றார். "உங்க நைனா கேஜ்ல எங்க அப்பா எறங்கியிருக்காரும்மா" என்றார்.

முதல் நாள் அவர் என்னை வண்டியில் ஏற்றவே இல்லை. சமையலறையிலிருந்து இரண்டு எவர்சில்வர் தட்டுகளை வாங்கிவரச் சொன்னார். ஒன்றை என் கையில் கொடுத்து அப்படியே பிடித்துக்கொள்ளச் சொன்னார். இன்னொன்றைத் தன் உள்ளங்கையில் சுழற்றியபடி மெல்ல என் தட்டின் மேல் அழுத்தினார். முதலில் உரசியது. என் தட்டு லேசாகத் திரும்ப ஆரம்பித்தது. இன்னும் அழுத்தினார். இரண்டும் சேர்ந்து சுற்றின.

"சுத்துறது இன்ஜின். சும்மா இருக்கறது சக்கரம். கிளட்ச் மிதிச்சா ரெண்டும் பிரியும், விட்டா சேரும். உரசிகினு சேர்ற நடு நேரம் கீது பாரு, அதான் ஹாஃப் கிளட்ச். டிரைவிங்குன்னா அந்த நடு நேரம்தான்மா. மத்ததெல்லாம் பழகிடும்."

கார் இன்ஜினால் பூஜ்யத்திலிருந்து பாரத்தை இழுக்க முடியாது. நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று அளவுக்காவது ஓடிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு உயிர். சக்கரமோ நிற்கிறது. ஓடுவதையும் நிற்பதையும் பட்டென்று கோத்தால் ஒன்று வண்டி துள்ளும், அல்லது இன்ஜின் செத்துப்போகும். எனக்கு ஏற்றத்தில் நடந்தது இதுதான். பன்னிரண்டு வகுப்பிலும் இந்த நாலு வாக்கியத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் விடிகாலை திடலுக்குப் போனோம். தூரத்தில் சயனைடு மேடு வெளுத்துக் கிடந்தது. நூறு வருடத்துக்கு மேல் அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய தூள், மலை மாதிரி. காற்றுக் காலத்தில் அந்தத் தூள் லைன் வீடுகளுக்குள் வந்து சோற்றில் விழும். அன்று காற்று இல்லை. பெரியவர் என் வலது காலைப் பிரேக்குக்குப் பக்கத்தில் தரையில் வைக்கச் சொன்னார். ஆக்ஸிலேட்டரைத் தொடவே கூடாது.

"ஃபர்ஸ்ட் கியர். இடது கால் மட்டும். வண்டிய நடக்க வை."

ஆக்ஸிலேட்டர் இல்லாமல் வண்டி நகருமா என்று கேட்டேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். முதல் கியரில் இன்ஜின் சுமார் பதினைந்து முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். எண்ணூறை அதால் வகுத்தால் நிமிடத்துக்கு ஐம்பத்து மூன்று சுற்று. சின்னக் கார் டயரின் சுற்றளவு ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக மணிக்கு ஐந்து, ஐந்தரை கி.மீ. வேகமாக நடக்கும் ஆளின் வேகம். வண்டி தானாகவே நடக்கும். நாம் அவசரப்படாமல் இருந்தால் போதும்.

காலை ஓர் இஞ்ச் விட்டேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும். சட்டென்று சத்தம் மாறியது. அதுவரை லேசாக முணுமுணுத்த இன்ஜின் குரல் ஒரு படி இறங்கிக் கனத்தது. பானட் ஒரு நூல் எழும்பிய மாதிரி இருந்தது. பெடல் வழியாக உள்ளங்காலில் ஒரு நடுக்கம் ஏறியது. "நிறுத்து! அங்கயே வெச்சிரு காலை" என்றார். வைத்தேன். வண்டி மெல்ல நடந்தது. என் கால் நடத்திய முதல் நடை. அன்று ஒரு மணி நேரம் அதை மட்டுமே செய்தேன். கிளம்பு, நில், கிளம்பு, நில். நாற்பது தடவைக்கு மேல் இருக்கும். தொடை வலித்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். கண்ணை மூடியதும் இன்னும் தெளிவாகவே தெரிந்தது.

வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நைனா அன்று ராத்திரி சாப்பிடும்போது பேசினார். ஷாஃப்ட்டின் அடியில் நிற்கும் கேஜைத் தூக்கும்போது முதலில் வடத்தின் தளர்வுதான் போகும், பிறகு வடம் விறைக்கும், அந்த விறைப்பில்தான் ஆட்களின் பாரம் கைக்கு வரும். அது வருவதற்கு முன்னால் இழுத்தால் கேஜ் குதிக்கும். உள்ளே இருப்பவன் மண்டை இடிக்கும். "கேஜ் கெளம்புனது உள்ள இருக்கறவனுக்குத் தெரியக் கூடாது கண்ணு. அதான் நல்ல டிரைவர்." இருபத்து மூன்று வருடமாக அவர் அந்த வேலையைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை. என் கிளட்ச் அவரைப் பேச வைத்தது.

அதற்கப்புறம் ஏற்றம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துக்கொண்டு, சத்தம் கனக்கும் வரை கிளட்சை விட்டு, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, பானட் எழும்பியதும் ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். வண்டி ஓர் அங்குலமும் பின்னால் போகாது. ஆனால் ஹாஃப் கிளட்சிலேயே மேட்டில் நின்றுகொண்டிருப்பது பாவம் என்றார் பெரியவர். இரண்டு தட்டும் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், கருகல் நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தால் தகட்டின் ஆயுள் போகிறது என்று பொருள்.

இறக்கத்தில் இன்னொரு பழக்கத்தை உடைத்தார். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது நம் ஊர் டிரைவர்களின் பழைய வழக்கம். கார்புரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கலாம். இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜினை உயிரோடு வைக்கப் பெட்ரோல் செலவாகும். அதோடு முழுப் பாரமும் பிரேக் தலையில் விழும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்பது லாரிக்காரர்கள் சொல்லும் விதி. மலைப்பாதையில் உயிரைக் காப்பது இதுதான்.

கியர்பாக்ஸின் கதையையும் அவர் வாயால்தான் கேட்டேன். 1890-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் பனார் லெவாசோர் கம்பெனி செய்த வண்டியில் பல்சக்கரங்களை நகர்த்தி நகர்த்திக் கோக்க வேண்டும். வேகம் பொருந்தாவிட்டால் பற்கள் கடகடவென்று அரைபடும். 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில் ஏர்ல் தாம்சனின் சின்க்ரோமெஷ் வந்தது. பல் சேர்வதற்கு முன்னால் ஒரு பித்தளை வளையம் உரசி இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். அதாவது கியர்பாக்ஸுக்குள்ளே இன்னும் குட்டிக் குட்டிக் கிளட்ச்கள். சின்க்ரோமெஷ் இல்லாத பழைய லாரிகளில் அந்த வேலையை டிரைவரின் கால் செய்தது. கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, மறுபடி மிதித்து கியர் போடும் டபுள் கிளட்ச். அம்பாசடரிலும் பத்மினியிலும் ஸ்டீயரிங் தண்டில் கியர் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு, 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ன் தரையில் நின்ற குட்டிக் கியர் விளையாட்டுப் பொருளாகத் தோன்றியிருக்கும்.

இனி இதெல்லாம் எதற்கு, ஆட்டோமேட்டிக் வந்துவிட்டதே என்று என் அலுவலகத்தில் ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. பெரியவர் வாழ்நாள் முழுக்க அசெம்பிள் செய்த புல்டோசர் கியர்பாக்ஸிலேயே காரில் இருப்பது மாதிரியான உரசும் கிளட்ச் இல்லை. இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் பாரத்தைக் கைமாற்றும் டார்க் கன்வெர்ட்டர்தான் இருக்கும். 2014-ல் மாருதி செலேரியோ வந்த பிறகு, கிளட்சைத் தானே மிதித்துக்கொள்ளும் கார் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் பெங்களூரின் சில்க் போர்டு நெரிசலில் தினமும் ஊர்பவர்களுக்கும் அது வரம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு கொடுத்தவர் அதை மட்டுமே ஓட்டலாம். ஜப்பான் 1991-லேயே அதற்குத் தனி லைசென்ஸ் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் 3ஏ, மலேசியாவில் டிஏ. இந்தியாவின் கார் லைசென்ஸில் அந்தப் பிரிவே இல்லை.

ஆனால் எங்கள் லைன் பையன் சொந்தக் கார் வாங்கி ஓட்டப்போவதில்லை. முதலாளி எந்த வண்டியின் சாவியைக் கொடுக்கிறாரோ அதை ஓட்டுவான். அது பெரும்பாலும் கியர் வண்டி, அதுவும் இன்னொருவர் கால் பட்டுத் தேய்ந்த கிளட்ச். அவனுக்கு இந்த அறிவு ஆடம்பரம் கிடையாது. பெண்களுக்கும்தான். ஸ்கூட்டி போதாதா என்று கேட்கும் வாய்கள் எங்கள் ஊரிலும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-ல் தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது அவர் மிதித்த கிளட்சின் கனத்தை இப்போதுதான் என்னால் ஊகிக்க முடிகிறது. நான் பழகத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் திடலுக்கு இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி பெங்களூர் ரயிலில் போய்வருபவள், ஞாயிறு மட்டும் வருவாள். தட்டு இரண்டையும் அவளே வீட்டிலிருந்து கொண்டுவந்தாள்.

போன மாதம் நைனாவை ஏற்றிக்கொண்டு அதே சாம்பியன் ரீஃப் ஏற்றத்துக்குப் போனேன். பாதி மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் இழுத்தேன். கண்ணாடி வழியே பழைய ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரம் தெரிந்தது, சக்கரம் துருவேறி. நைனா அதைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளட்சை விட்டேன். சத்தம் கனத்தது. அவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

டாஷ்போர்டில் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டினார். கொஞ்சம் இடைவெளி விட்டார்.

பிறகு ஒன்று.

ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். வண்டி மேலே ஏறியது.